வெளியே போக மட்டும் அனுமதி

உங்கள் கம்ப்யூட்டரில் எந்தெந்த ஆப்புக்கு உள்ளே வர அனுமதி இருக்கிறது என்று என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். "அனுமதிக்கலாமா?" என்று ஒரு பெட்டி வரும். என்ன ஏதென்று படிக்காமல் "சரி"யை அமுக்கிவிட்டுப் போய்விடுவீர்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் வருகிறவரையெல்லாம் "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவது மாதிரி. யார் வந்தார், யார் சாப்பிட்டார், யார் குடையை மாற்றி எடுத்துப் போனார், ஒன்றும் தெரியாது.

நான் குடியிருக்கும் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுகிறேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணிக்குக் காது மந்தம். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடும். நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் வேலை. சொந்த ஊர் வெகுதூரம். என் போன் அடித்தால் அது ராங் நம்பர்.

பின்னறை அவர்கள் மகனுடையது. அலமாரி நிறைய அவன் சட்டைகள், தேய்த்து மடித்து வைத்தபடி. என் துணிகள் நாற்காலியின் முதுகில் தொங்கின. "அவன் வந்தா மாத்துத்துணி வேணும்ல, தம்பி" என்றார் அண்ணி. நியாயம்தான்.

அவன் போன கதையை அண்ணிதான் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் ஏதோ பேச்சு முற்றி, "வாழ்க்கை பூரா மேலயும் கீழயும் போனீங்களே, எங்கயாவது போய்ச் சேர்ந்தீங்களா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டானாம். அண்ணன் எழுந்து கை கழுவினார். அன்றைக்கே வீட்டு போன் நம்பரையும் மாற்றிவிட்டார். மகன் கடல் தாண்டி ஒரு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று, "போய் நெட் போட்டதும் ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல கூப்பிடறேம்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னானாம்.

அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். "மேல போன லிஃப்ட் கீழ வந்துதானே ஆகணும்? பட்டனை அவன் அமுக்கட்டும். இந்த வீட்லேர்ந்து ஒருத்தரும் கூப்பிடக் கூடாது."

நான் குடிவந்த புதிதில், கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்கிறது, கொஞ்சம் பார் என்றார் அண்ணன். உட்கார்ந்தேன். எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். ஃபயர்வால் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அவன் வாசல் காவலாளி, அவ்வளவுதான். கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பான். ஒவ்வொரு ஆப்புக்கும் எதிரில் இரண்டு கட்டம். ஒன்று வெளியே போக, ஒன்று உள்ளே வர. டிக் இருந்தால் விடுவான்.

பட்டியலைத் திறந்தால் சத்திரம். சீட்டாட்ட ஆப். மழை வருமா என்று சொல்லும் ஆப். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று வந்து உட்கார்ந்து அதன் மூச்சைப் பிடிக்கும் ஆப். ஒவ்வொன்றாக டிக்கை எடுத்தேன்.

அப்போது சமையலறையில் அண்ணி அண்ணனிடம் ரகசியம் பேசினார். காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"பையன் மனசு மாறி வந்துட்டா, தம்பிய வேற ரூம் பாத்துக்கச் சொல்லணுங்க. பாவம்தான், என்ன பண்றது?"

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலில் அடுத்து இருந்தது வீடியோ கால் ஆப். உள்ளே வரும் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தேன். பாதுகாப்புக்காகத்தான்.

கம்ப்யூட்டர் பறந்தது. அன்று இரவு முதல் முறையாக என்னையும் மேஜைக்குக் கூப்பிட்டார்கள். "ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரு தோசை போட்டா அதே மாதிரி இன்னொண்ணும் கேப்பானே" என்றார் அண்ணன். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் சிரிப்பு நன்றாக இருக்கும்.

ஞாயிறு மாலை அண்ணி தலைவாரி, நல்ல புடவை கட்டி, திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மவுஸைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன். ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி எழுந்தது. 'ஓர் ஆப் உள்ளே வர முயல்கிறது. அனுமதிக்கலாமா?'

"என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்லண்ணி. விளம்பரம்."

வேண்டாம் என்பதை அமுக்கினேன். பெட்டி மறுபடி எழுந்தது. மறுபடி அமுக்கினேன். விளம்பரக்காரர்களுக்கு வெட்கமே இல்லை என்று அண்ணி குறைபட்டார்.

அதன்பின் ஞாயிறு மாலைகளில் நான் எங்கும் போகவில்லை. "நாம பெத்தது கூட இப்படி நம்ம பக்கத்துல உக்காந்ததில்ல" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதுவும் ரகசியம்தான்.

ஒருமுறை, நாமே கூப்பிட்டால் எங்கே அமுக்க வேண்டும் என்று அண்ணி என்னைக் கேட்டார். "அண்ணன் மனசு புண்படுமேண்ணி" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். போகப்போக நல்ல புடவை கட்டுவதை நிறுத்தினார். தலை மட்டும் வாரிக்கொள்வார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். வெளியே போகும் டிக்கில் நான் கை வைக்கவே இல்லை. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மகனைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு அமுக்கு. அவர்களைத் தடுத்தது அவர்களுடைய வீம்பு, நான் இல்லை. ஒரு கதவு எப்போதும் திறந்திருந்த வீட்டைப் பூட்டிய வீடு என்று யாரும் சொல்ல முடியாது. இதை நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் மாலை, அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம், அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, அண்ணிகிட்ட சொல்லிடாத. அவனைக் கூப்பிடணும்."

"நீங்களாண்ணே?"

"சிரிக்காதடா. லிஃப்ட் வரலன்னா மொதல்ல பட்டனை அமுக்கிப் பாருங்கன்னு காலம்பூரா ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் வீட்டு லிஃப்டுக்கு நான் அமுக்கவே இல்ல பாரு." சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவன் கேட்டது சரிதான்னு சொல்லப்போறேன். அவ ராத்திரி தலகாணில அழுறா, தம்பி. அவளுக்குக் காது கேக்காததால எனக்கும் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"மூஞ்சி கழுவிட்டு வாங்கண்ணே. அவன் பாக்கறப்போ நல்லா இருக்கணும்ல?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று போனார்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். வெளியே போகும் கட்டத்திலிருந்த டிக்கையும் எடுத்தேன்.

அண்ணன் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். ஒற்றை விரலால், லிஃப்ட் பட்டனை அமுக்குவது போலவே அழுத்தமாக அமுக்கினார். 'தொடர்பு கொள்ள இயலவில்லை' என்று வந்தது. மறுபடி அமுக்கினார். அதுவே வந்தது. வெகுநேரம் அமுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி பையோடு உள்ளே வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அண்ணி திரையைப் படித்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

"அவன் உங்கள வேண்டாம்னு வெச்சுட்டான்போல, அண்ணி" என்று அவருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணி அலமாரியைத் திறந்து மகனின் சட்டைகளையெல்லாம் எனக்குக் கொடுத்தார். அளவு சரியாக இருந்தது.