துவைக்காத சட்டை

சேலத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கணவன், மனைவி. கணவர் மடியில் ஆஸ்பத்திரிப் பை, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. மல்லூர் தாண்டியதும் அந்த அம்மா சொன்னார்.

"உங்க சட்டைய மட்டும் தொவைக்கவே இல்லீங்க."

"எந்தச் சட்டை?"

"தேன் பொட்டி தொறக்கறப்ப போடுவீங்களே, அந்த நீலச் சட்டை. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அதைப் போட்டுட்டுத்தான் பொட்டியப் பார்த்தேன்."

"நீ பார்த்தியா? ஒத்தப் பூச்சி சுத்துனாலே ஊட்டுக்குள்ள ஓடுவியே."

"தேனடையில புழு உழுந்துருமுன்னு நீங்கதான படுத்துட்டே பொலம்புனீங்க. வாரவாரம் அடிப்பலகையக் கூட்டி உட்டேன்."

"கொட்டுச்சா?"

"கையிலதான். நீங்க காச்சி வெச்ச மெழுகுக் களிம்பத் தடவுனேன், சரியாப் போச்சு."

அவர் அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொகை போட்டியா?"

"போட்டேனுங்க. தேங்கா நாருல, நீங்க போடற மாதிரியே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொகையிலதான் அடங்கியிருக்கும் புள்ள. என்ர சட்டையப் போட்டா நாந்தான்னு பூச்சி நம்பிருமா? போனதும் மொதல்ல அதைத் தொவைச்சுப் போடு."

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கையைக் கணவர் இன்னும் விடவில்லை.

"பூச்சிக்காகப் போட்டேன்னு உங்ககிட்ட யாருங்க சொன்னா?"