டெஸ்டர் எரிந்தது

அன்று மகள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகள், மாப்பிள்ளை, அவருடைய அப்பாவான சம்பந்தி. வெயில் நன்றாக அடித்தது. குளியலறைக்குப் புது டைல்ஸ் ஒட்ட ஏற்ற நாள்.

டைல்ஸ் வெட்டும் மெஷின், மாப்பிள்ளை மலிவாக வாங்கியது. பாதி வேலையில் கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது.

"தூக்கிப் போட்டுடலாம் மாமா. இது இனிமே தேறாது."

"முப்பத்தஞ்சு வருஷம் மோட்டார் கட்டினவன் நான், மாப்பிள்ளை."

"அதெல்லாம் யானை மாதிரி மோட்டார், சம்பந்தி. இது கொசு. உங்க கண்ணாடிக்கே ஒரு கண்ணாடி வேணும்," என்றார் சம்பந்தி. மகள் சிரித்தாள். அவள் சிரித்ததை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

திறந்தேன். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து குட்டையாகியிருந்தன. என்னிடம் இருந்தவை கொஞ்சம் தடிமன். உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தினேன். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் படிந்த கரியைத் துடைத்தேன். மூடியை முடுக்கி சுவிட்சை அழுத்தினேன். ஓடியது. "தோத்துட்டேன் சம்பந்தி," என்று மாப்பிள்ளையின் அப்பா கை தட்டினார்.

கைப்பழக்கம், மின்சாரம் கசிகிறதா என்று முன்பக்க இரும்பு உடம்பில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. மூடியை முடுக்கும்போது உள்ளே வயர் நசுங்கி இரும்பைத் தொட்டிருக்கிறது. சும்மா லேசான கசிவு என்று சொல்லிக்கொண்டேன். மங்கலாக எரிந்திருந்தால் அப்படிச் சொல்லலாம். அது பளிச்சென்று எரிந்தது.

மறுபடி திறந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கைதட்டலுக்குப் பிறகு, அவர்கள் முன்னால் திறக்க வேண்டும்.

"சரியா இருக்கா மாமா?"

"பிரமாதமா இருக்கு."

செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று வாய் வரை வந்தது. ஏன் என்று சம்பந்தி கேட்பார். டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, மகளிடம் ஏதோ பேசியபடி வெட்டினார். மூன்றாவது டைலில் அவர் பேச்சு நின்றது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி நான் பின்தங்கினேன். மெஷினைத் திறந்து, வயரை நிமிர்த்தி, டேப் சுற்றி, மூடினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பிழைக்கவில்லை. பிறகு போலீசோடு வந்து சோதித்தவர்கள், மெஷினில் குறையில்லை என்று எழுதிப் போனார்கள். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. அதை நினைத்தால்தான் எனக்கு மனம் கூசுகிறது.

யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. எங்கள் குடும்பத்துக் கைவேலை மேல் ஒரு சொல் வரக்கூடாது, அவ்வளவுதான். சம்பந்தி இப்போதும் வாரம் தவறாமல் மகள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். அவள் கதவைத் திறப்பதில்லை. "மறைச்சுக் கட்டி வெச்சாங்களே," என்று உள்ளேயிருந்தே சொல்கிறாள். அவர் தலை குனிந்து திரும்பிப் போவதை நேற்றும் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு முன்பே இதய நோய் இருந்தது, அதை மறைத்துத்தான் பெண் எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அவருக்கு எந்த நோயும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான்.