இரண்டாம் சரணத்தில் ஒரு கிளாரினெட்

உங்கள் காதுப் பரிசோதனைக் கருவியைச் சரிபார்க்க இரண்டு முறை ஆள் கூப்பிட்டீர்களாமே, டாக்டர். அந்த மெனக்கெடலே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் காதில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது மாதமாக எனக்கு அது தெரியும்.

அண்ணன் மெட்டுப் போடுவார். அதைக் கம்ப்யூட்டரில் சுரம் சுரமாக அடுக்குவது நான். அவர் மவுஸைத் தொட்டதே கிடையாது. அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுபத்துநான்கு புல்லாங்குழல், எழுபத்திரண்டு கிளாரினெட். பாட்டின் நடுவில் எங்கே எண்ணை மாற்றுகிறோமோ, அங்கிருந்து அதே சுரங்கள் வேறு வாத்தியத்தில் ஒலிக்கும். முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைத்தவறுதான். எப்படி இருக்கிறதென்று பார்க்க இரண்டாம் சரணத்தின் தொடக்கத்தில் எழுபத்திரண்டு போட்டவன், அழிக்க மறந்துவிட்டேன்.

அன்று காலைதான் அண்ணன் விஷயத்தைச் சொல்லியிருந்தார். வேறு ஊரில் பெரிய இசைக்குழு ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது. அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதமே கிளம்புகிறாராம். "நீயும் சொந்தக் கால்ல நிக்கணும்டா," என்று முதுகில் தட்டினார். எனக்கு மெட்டு வராது, டாக்டர். பதினேழு வருடமாக அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே பழகியவன். சரிண்ணா என்றேன்.

பாட்டை ஓட்டினோம். இரண்டாம் சரணம் வந்ததும் நிமிர்ந்தார்.

"என்னடா, புல்லாங்குழல் எங்க போச்சு? கிளாரினெட் மாதிரி கேக்குது?"

சரணத்தின் இரண்டாம் வரியிலிருந்து மறுபடி ஓட்டினேன். எங்கள் பழைய மென்பொருளில் ஒரு கோளாறு உண்டு. எண் மாறும் இடத்துக்கு அப்பாலிருந்து ஓட்டத் தொடங்கினால், அந்த மாற்றம் அதற்குத் தெரியாது. பாட்டின் தொடக்கத்தில் வைத்த வாத்தியத்திலேயே வாசிக்கும். புல்லாங்குழல்தான் வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது காதைத் தேய்த்துக்கொண்டார்.

காரணம் அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு போல," என்றார். நான் அவரை எதிர்த்துப் பேசியதே கிடையாது.

அதற்குப் பிறகு தெரிந்தே வாரத்துக்கு இரண்டு தடவை செய்தேன், அதற்கு மேல் இல்லை. ஒரு வரி வயலின், அடுத்த வரி வேறெதோ. "வயலின்தாண்ணா," என்று பொறுமையாகச் சொல்வேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மூன்றாம் வாரம், வர இயலாது என்று இசைக்குழுவுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காது தேறிவிட்டது என்று மறுபடி கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அவர் முகம் தெளியும்போதெல்லாம் இன்னொரு எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று.

போன வாரம் பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள்.

"அப்பா, சுருதி சேந்துச்சா?"

"சித்தப்பாகிட்ட கேளும்மா. அப்பா காதை நம்பாத."

அவள் சுருதி சுத்தமாக இருந்தது. எங்கள் அம்மா போன அன்றுகூட அண்ணன் முகம் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. மொட்டைமாடிக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நாளைக்கு நீங்கள் ரிப்போர்ட் தரப்போகிறீர்கள். காது நன்றாக இருக்கிறது என்று அதில் இருந்தால், கோளாறு மூளையில் என்று நினைத்துக்கொள்வார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று ஏற்கெனவே அண்ணியிடம் கேட்டிருக்கிறார். நானே உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவருக்கு மிச்சமிருப்பது என் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். வலது காதுக்கு நேரே இருக்கும் எண்ணை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள், டாக்டர். பாவம், அவர் நிம்மதியாக இருக்கட்டும்.