கூடத்து அம்மி

நீலகிரித் தைல வாசனை எங்கே வந்தாலும் எண்பதுகளின் அந்த ஸ்ரீரங்கம் பஸ் எனக்குள் ஓடத் தொடங்கிவிடும். முன் சீட்டில் ஓர் அம்மாள். வலது மணிக்கட்டில் தைலம் ஊறிய துணிக்கட்டு. பக்கத்தில் கதர் ஜிப்பாவில் கணவர்.

"மிக்ஸிகூட வேணாங்க. அம்மியைக் கூடத்துலேர்ந்து அடுக்களைக்கு மாத்துங்க, போதும்."

"வர்றவங்க அதைத்தானே பார்க்குறாங்க? மிக்ஸி மோகத்தைத் திட்டி எழுதிட்டு, அம்மியை ஒளிச்சு வைக்கவா?"

"அவங்க முன்னாடி உக்காந்து அரைக்கிறது நான். இனிமே அரைச்சா விரல் மடங்காதுன்னுட்டாரு டாக்டர்."

"இன்னிக்கு ஒரு நாள்மா. மெட்ராஸ்லேர்ந்து பத்திரிகை ஆசிரியரே வராரு. நம்ம வீட்டைப் பத்தி எழுதப் போறாராம்."

"தங்கச்சி வீட்டு மிக்ஸியில துவையல் அரைச்சுக் கொண்டாரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவிரியில் தண்ணீர் இல்லை. பாலம் முடியும்வரை வெறும் மணல் கூடவே வந்தது.

"சரி. துவையலைத் தூக்குல போட்டு மூடிக் கொண்டா. அவங்க வந்ததும் அம்மியில வச்சு ரெண்டு இழுப்பு இழுத்துடு."

மாம்பழச்சாலையில் தங்கை வீட்டுக்காக அந்த அம்மாள் எழுந்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"கைக்கட்டை அவுத்துட்டு வரேங்க. பார்த்தா கேப்பாங்க."