நடுவில் ஒருத்தி

“ஸ்கிரீனுக்கு எதுவுமே தெரியக் கூடாது அண்ணி.”

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பத்து மணி பஸ்ஸில், தூறல் விழுந்த ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்த நான் இதைக் கேட்டுத்தான் கண் விழித்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ போகிறவள், படித்ததை அண்ணியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாட்டி எப்புடிக் காட்டும்?”

“பட்டனை அமுக்குனா நடுவுல இருக்க புரோகிராம்கிட்ட மட்டும் சொல்லும். அதுதான் உள்ள போயி விவரத்தை வாங்கியாந்து குடுக்கும். ஸ்கிரீனும் விவரமும் நேராப் பேசிக்கவே பேசாது.”

“நானும் ஒங்கண்ணனும் மாதிரி.”

“ஆமா. ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டு ஆறு மாசமா அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து என்கிட்டதான் பேசுது. நான் ஒங்ககிட்ட வந்து சொல்றேன்.”

இருவரும் சிரித்தார்கள். திருவரங்குளம் வந்து போயிற்று. வயல்கள் ஈரக் கண்ணாடியில் பச்சையாகக் கரைந்து ஓடின.

“ஆனா போகப் போக நடுவுல உள்ளதுதான் அண்ணி பெருத்துப் போயி திணறும். அதுக்கு இன்னொரு முறை இருக்கு. ரெண்டையும் கோத்து விட்டுட்டா, அங்கிட்டு மாறுனது இங்கிட்டு தானாத் தெரியும். யாரும் ஓடி ஓடிச் சுமக்க வேணாம்.”

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள்.

“வேலை கெடைச்சா நீ மெட்ராஸ் போயிருவேல்ல?”

“ஆமா அண்ணி.”

“அவுகளுக்கு அங்க இப்ப சாப்பாட்டு நேரம்தானே? போனைப் போடு.”

“போடுறேன். என்னன்னு சொல்லணும்?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். என்கிட்ட குடு.”