செங்கால் காணான்கோழியைப் பார்த்த காலை

பை வாங்கும்போது யாரும் ஜிப்பை இழுத்துக் காது கொடுத்துக் கேட்பதில்லை. நான் கேட்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும், சார். பறவை பார்க்கப் போகிறவனுக்கு ஜிப்தான் முதல் விரோதி.

நாங்கள் மூன்று பேர். நான் கணக்கு வாத்தியார். இரண்டாவது, பல் டாக்டர். கல்லூரி நாளிலிருந்தே நண்பன், என் தங்கையைக் கட்டிய பிறகு மச்சான். மூன்றாமவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லீவு கிடைத்தால் எங்களுக்குச் சதுப்பு நிலம்தான். எத்தனையோ வருடமாகப் போகிறோம், செங்கால் காணான்கோழி மட்டும் கண்ணில் படவே இல்லை. காகிதம் சரசரத்தாலே நாணலுக்குள் புகுந்துவிடுகிற ரகம் அது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மறைந்து உட்காரும் பலகைக் கூண்டுக்குள் நுழையும் முன், சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மூடிவிடுவோம். சாவிக்கொத்து, போன், மிட்டாய் எல்லாம். வெளியே வரும்வரை திறக்கக் கூடாது. பை என் பொறுப்பு. மச்சான் மூச்சிரைப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் மருந்தும் அதற்குள்தான் போகும். அழுத்தினால் புஸ்ஸென்று சத்தம் வருமே. அவனாகவே போட்டான், நான் பிடுங்கவில்லை.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, நேத்துலேருந்து அவருக்கு இளைப்பா இருக்கு. வீட்ல இருங்கன்னா கேக்க மாட்டேங்கிறார். நீ கொஞ்சம் பாத்துக்க."

"நான் இருக்கேன்ல, நீ உள்ள போ," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கண்ணாடிக்கடைக்காரர் எதிர்க்கரைக் கூண்டுக்குப் போய்விட்டார். நானும் மச்சானும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். நல்ல பனி. கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்தது.

"மச்சான், பையக் குடு," என்று காதோரம் சொன்னான்.

கொடுத்துத்தான் இருப்பேன். ஜிப்பில் கைகூட வைத்துவிட்டேன். அப்போது நாணல் விலகியது. முதலில் ஒரு சிவந்த கால், அப்புறம் முழுப் பறவை. பத்தடிக்குள் நிற்கிறது, சார். வெற்றிலை போட்ட வாய் மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

உள்ளங்கையைக் காட்டினேன், பொறு என்று. பொறுத்தான். நல்ல மனுஷன். பிறகு பொறுமையில்லாமல் பையை இழுத்தான். நான் அதைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். அவன் கால் பலகையை உதைத்தது, என் இன்னொரு காலை அதன்மேல் போட்டேன். விசில் மட்டும் நிற்கவில்லை. பறவை தலையைத் தூக்கிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவன் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். இறுக்கிப் பொத்தியதாக ஞாபகம் இல்லை. ஒற்றைக் கையால் பைனாகுலரை ஆடாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அது நிதானமாகக் குளித்தது. சிறகை உதறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மச்சானும் அடங்கி என் தோளில் சாய்ந்துகொண்டான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் அப்படிச் சாய்ந்ததே இல்லை. நெகிழ்ந்து போனேன்.

எதிர்க்கரையிலிருந்து நாணல் மறைத்ததால் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் வந்து கதவைத் திறந்தவர், "அடப்பாவி, என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினார்.

"மெதுவாப் பேசுங்க, பக்கத்துலதான் இருக்கும்," என்றேன்.

நீங்கள்தான் கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம் சார், என் கைதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். நான் ஒருவன் மட்டும் பார்த்தேன் என்றால் எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கூட ஒரு சாட்சி கேட்பார்கள். மச்சானும் பார்த்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே வந்து நீங்களே பார்த்தீர்களே, அவன் கண் திறந்துதானே இருந்தது.