ஒற்றன் உலகநாதனின் நாலாம் பாகம்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் ஸ்டேஷனில் ஆறிப்போன டீதான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். உளவாளிப் படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

தசரதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள். செங்கம் ரோட்டில் என் செல்போன் கடை மாடியில்தான் ‘ஒற்றன் உலகநாதன்’ யூடியூப் தொடரை ஆரம்பித்தோம். முதல் பாகத்தை எழுதி இயக்கியது நான். அதில் உலகநாதன் கரண்ட் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருப்பார். டீக்கடையில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கேட்டைப் பார்ப்பார். படம் முழுக்கப் பார்ப்பார். உண்மையான உளவு அப்படித்தான். என் அம்மாவே பாதியில் தூங்கிவிட்டார்.

இரண்டாம் பாகத்தைத் தசரதன் இயக்கி, அவனே நடித்தான். புகை கக்கும் குடை, மயிலைத் தடவிக்கொண்டே பேசும் வில்லன், மல்லாட்டைக் கடலை உடைக்கும் மெஷினுக்குள் ராக்கெட். ஊரே பார்த்தது. மூன்றாம் பாகத்தில் ஓடுகிற வேன் மேல் நின்று ஆடினான். கீழ்பென்னாத்தூர் தென்றல் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அது அவன் அதிர்ஷ்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒருமுறை கேட்டேன். “ஏன்டா, எவனாவது பாமுக்குச் செவப்பு லைட்டு வெப்பானா?”

“நெஜத்தப் பாக்கறதுக்கு எதுக்குடா படம்? ஜன்னலத் தொறந்தாப் போதுமே” என்று சிரித்தான். “நீ ஜாஸ்தி யோசிக்காத, கொமரேசா. கேமராவ மட்டும் புடி.”

பிடித்தேன்.

நாலாம் பாகத்துக்கு, பௌர்ணமியன்று மதியம், அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் படப்பிடிப்பு. தசரதன் சாமியார் வேஷத்தில் வந்தான். கையில் டிபன் கேரியர். அதில் சிவப்பு பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. போலீஸ் அனுமதி வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தான். நான் வாங்கவில்லை. மாறாக, காவியுடையில் ஒருவன் வெடிகுண்டோடு வருகிறான் என்று உங்கள் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து கேமராவை ஓடவிட்டேன்.

உங்கள் ஆட்கள் அருமையாகச் செய்தார்கள். பின்னணி இசை இல்லை, வசனம் கம்மி. ஜனங்கள் சிதறி ஓடியதில் பூக்கார உண்ணாமலை அம்மாவுக்குக் கை முறிந்தது. வருத்தம்தான். ஆனால் அந்த ஷாட்டில் அவர் முகம் இருக்கிறதே, எந்த நடிகையாலும் முடியாது.

தசரதன் என்னைப் பார்த்துக் கத்தினான். “டேய், ஷூட்டிங்னு சொல்லுடா! பர்மிஷன் லெட்டரக் காட்டுடா!”

நீங்கள்தான் என்னிடம் வந்து கேட்டீர்கள். “இவன உனக்குத் தெரியுமா?”

“யாருன்னே தெரியாதுங்க மேடம்” என்றேன்.

பிடிபட்ட ஒற்றனை அவன் இலாகா கைகழுவிவிடும். இதைத்தான் வருஷக்கணக்காக அவனுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். அப்போது அவன் முகத்தில் நடிப்பே இல்லை. முதன்முறையாக நல்ல நடிகனாகத் தெரிந்தான்.

நீங்கள் அவனை விசாரித்து முடிப்பதற்குள் தென்றல் வீட்டார் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு இடம்கூட வெட்டாமல் நாலாம் பாகத்தை ஏற்றினேன். “ஓவர் ஆக்டிங், நெஜ போலீஸ் இப்படியா வரும்” என்று கீழே எழுதியிருக்கிறார்கள். ரசனை வளர நாளாகும்.

எழுதிக்கொள்ளுங்கள், போன் செய்தது நான்தான். பொறாமையால் அல்ல, யதார்த்தத்துக்காக. வாட்டர் பாட்டில் கடைக்காரர் மூர்த்தியின் செல்லை இரவல் வாங்கிப் பேசினேன். அந்த வெயிலில் கறுப்பு ஓவர்கோட், கூலிங்கிளாஸ், ஒட்டுமீசையோடு வந்தவனை மறக்க முடியுமா என்று அவர் உங்களிடம் சிரித்தாராம். விவரம் தெரியாதவர். மீசை இல்லாமல் பேசியிருந்தால், போனில் என் குரலைக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்களா, மேடம்?